தாளிப்பதற்கு முன் ஒரு அகப்பை

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வருஷம் இந்த மேடையில் தையல் பற்றிப் பேசினாங்க, மசாலாப் பொடி பற்றிப் பேசினாங்க. நான் நாய்ச்சோறு பற்றிப் பேசப் போறேன்னதும் பின்னாடி சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிங்க, தப்பில்ல. ஆனா நம்ம ஊர் பேரை வச்சே ஒரு நாய் இனம் இருக்கு. 2005-ல் இந்தியத் தபால் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை போட்டது. வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, நீளக் கால். வாங்கிட்டு வர்றது வீட்டு ஆம்பளைங்க. பெருமை பேசுறதும் அவங்க. வேளாவேளைக்குச் சோறு வைக்கிறது யாரு? நாமதானே. அதனால இது நம்ம பேச்சுதான்.

எங்க வீட்டு நாய் பேரு ராணி. மூணு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவையா ஆறு குட்டி போட்டது. அந்தச் சமயத்தில் என் மகளுக்கு நர்சிங் காலேஜ் பீஸ் கட்ட, குழுவில் 20,000 ரூபாய் உள்கடன் வாங்கியிருந்தேன். "குட்டிகளை விற்று அடைக்கிறேன்" என்று சொல்லி, தீர்மான நோட்டில் அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஆகையால் ராணி நல்லா இருக்கணும்கிறது என் ஒருத்தி கவலை இல்லை, பன்னிரண்டு பேர் பணம் அதில் இருந்தது.

என் நாத்தனார் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுற இடத்தில் வேலை பார்க்கிறாள். ராணி குட்டி போட்ட சேதி கேட்டு, சட்டியில் சுரண்டின பால்கோவாவை ஒரு தூக்குச்சட்டி நிறையக் கொண்டு வந்தாள். "மதினி, பெத்தவளுக்குப் பால் ஊறணும்ல, குடுங்க"ன்னா. எனக்கும் சரியாத்தான் பட்டது. பால், சீனி, இதைவிடச் சத்து என்ன இருக்கு? ரெண்டு நாள் காலையும் சாயங்காலமும் கை நிறைய வச்சேன். நக்கி நக்கித் தின்னது.

மூணாம் நாள் வாந்தி. முதுகைக் கூனிக்கிட்டு நின்னது, வயித்தைத் தொட விடல. தண்ணி கூட இறங்கல. மறுநாள் மடியில் பால் வத்திப் போச்சு. குட்டிகளுக்கு அப்போ பத்து நாள், கண்ணு கூட முழுசாத் திறக்கல.

ஆட்டோவில் போட்டு அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். டாக்டரம்மா என்ன சாப்பாடு போட்டீங்கன்னு கேட்டாங்க. நான் பால்கோவான்னு சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "அன்பாத்தான் குடுத்திருக்கீங்க. ஆனா அவ்வளவு கொழுப்பும் சீனியும் நாயோட கணையம் தாங்காது, வீங்கிப் போகும்." மூணு நாள் டிரிப்ஸ் ஏறியது. ராணி பிழைச்சது. பால் திரும்பல.

குட்டிகளுக்கு நாய்க்குட்டிப் பால் பவுடர் எழுதிக் கொடுத்தாங்க. முதல் ராத்திரி நான் ஒருத்தியே பாட்டிலில் கொடுத்தேன். நம்ம பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி மடியில் மல்லாக்கப் போட்டுக் கொடுத்தேன். விடியறதுக்குள்ள ரெண்டு குட்டி போச்சு. குட்டியை வயிறு கீழே இருக்கிற மாதிரி, தாய்கிட்டக் குடிக்கிற வாக்கில்தான் பிடிக்கணுமாம். மல்லாக்கப் போட்டால் பால் நுரையீரலுக்குள்ள போயிரும். அது எனக்கு அப்போ தெரியாது. இன்னைக்கு இதை இங்க சொல்றதே, உங்கள்ல ஒருத்தருக்கும் அப்படி ஆகக் கூடாதுன்னுதான்.

மறுநாள் குழுக் கூட்டம். நான் அழுதுக்கிட்டே தவணை கேட்டேன். மூணு மாசம் தவணை கொடுத்துத் தீர்மானம் போட்டாங்க. அதோட நிக்கல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்கணுமே, எனக்கோ பகலில் வேலை. ராத்திரிக்கு ரெண்டு ரெண்டு பேரா முறை வச்சுக்கிட்டு வந்தாங்க. மூணு வாரம் ஆகாத குட்டி தானா மூத்திரம் போகாது, தாய் நக்கி விடணும். தாய்க்குப் பதிலா நாங்க வெதுவெதுப்பான தண்ணியில் துணி நனைச்சுத் துடைச்சு விட்டோம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யிற தறிக்குப் போற அக்கா, கழிவுத் துணி ஒரு கட்டு கொண்டு வந்து போட்டாங்க. நாலு குட்டியும் தப்பிச்சது.

அப்புறம் டாக்டரம்மாகிட்டப் போய் உட்கார்ந்து, நோட்டுல எழுதிக் கத்துக்கிட்டேன். அதைத்தான் இப்போ சொல்றேன், நீங்களும் எழுதிக்கோங்க.

முதல் விஷயம், நாய்க்குன்னு தனி அடுப்பு வேண்டாம், தனிச் செலவும் அதிகம் வேண்டாம். நமக்குச் சமைக்கிறப்போ, வெங்காயம், பூண்டு, உப்பு, காரம் போடுறதுக்கு முன்னால், தாளிக்கிறதுக்கு முன்னால், ஒரு அகப்பை தனியா எடுத்து வைக்கணும். அவ்வளவுதான். நாம தப்பு பண்றது எங்கேன்னா, எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் இருக்கிறதை வழிச்சு ஊத்துறோம். அதில்தான் எல்லாமே இருக்கு.

20, 25 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாள் அளவு இது:

அரிசி 200 கிராம். ரேஷன் அரிசி போதும், குழைய வேகணும். பாதி நாள் அரிசிக்குப் பதில் கேப்பை, கம்பு போடலாம், நல்லா வேக வச்சு.

எலும்பில்லாத கோழிக்கறி 250 கிராம். வாரம் ரெண்டு நாள் இதில் ஒரு சின்னத் துண்டு ஈரல் சேர்க்கலாம், அதிகம் கூடாது. கறி வாங்க முடியாத நாளில் மூணு முட்டை அவிச்சுப் போட்டு, கூட ஊற வச்சு வேக வச்ச மீல்மேக்கரும் பருப்பும் சேர்த்துக்கலாம்.

கேரட், பரங்கிக்காய், பீன்ஸ், எது இருக்கோ அது ஒரு கைப்பிடி, மசிய வேக வச்சு. ஒரு டீஸ்பூன் எண்ணெய்.

கடைசியா முட்டை ஓடு. வீட்டில் சேருற ஓட்டைக் கழுவி, பத்து நிமிஷம் கொதிக்க வச்சு, காய வச்சு, மிக்ஸியில் மாவா அரைச்சு டப்பாவில் வச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு முக்கால் டீஸ்பூன். சோறும் கறியும் மட்டும் தின்கிற நாய்க்குச் சுண்ணாம்புச் சத்து கிடைக்காது, எலும்பு பலவீனமாயிடும். ஆனா குட்டிகளுக்கும் சினை நாய்க்கும் இதை நீங்களாப் போடாதீங்க. அதிகமானாலும் கெடுதல். டாக்டர்கிட்டக் கேட்டுத்தான். வளர்ந்த நாய்க்கும் வீட்டுச் சாப்பாட்டில் எல்லாச் சத்தும் வந்துராது. எந்தத் தாது உப்புக் கலவை, எவ்வளவுன்னு கால்நடை மருத்துவமனையில் கேட்டு வாங்கிக்கோங்க.

இந்த அளவை ரெண்டு வேளையாப் பிரிச்சு, ஆற வச்சுப் போடணும். மூணு மாசத்துக்கு உள்ளான குட்டிக்கு நாலு வேளை, ஆறு மாசம் வரைக்கும் மூணு வேளை. இந்த இனத்துக்கு நெஞ்சுக்கூடு ஆழம். வயிறு நிறையத் தின்ன உடனே ஓட விட்டால் வயிறு உப்பி முறுக்கிக்கும், சில மணி நேரத்தில் உயிர் போயிரும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது ஓய்வு வேணும்.

போடவே கூடாதது: வெங்காயம், பூண்டு. பச்சையா இருந்தாலும் வெந்திருந்தாலும் நாயோட ரத்தச் சிவப்பணுவை உடைக்கும், சோகை வரும். குழம்புச் சோறு கூடாதுன்னு சொல்றது இதுக்குத்தான். திராட்சை, கிஸ்மிஸ் கிட்னியைக் கெடுக்கும், பாயாசம் வைக்கிற நாளில் கவனம். சாக்லேட், காபி கூடாது. சர்க்கரை நோய்க்காரங்களுக்குன்னு விற்கிற சீனி இல்லாத இனிப்பு, சூயிங்கம் சிலதில் சைலிட்டால்னு ஒன்னு இருக்கும், அது நாய்க்கு விஷம். வெந்த கோழி எலும்பு ஊசி மாதிரி உடையும், குடலைக் கிழிக்கும். நம்ம பக்கம் மாம்பழக் காலத்தில் இன்னொன்னு, மாங்கொட்டை. முழுங்கிட்டால் குடலை அடைச்சுக்கும், ஆபரேஷன் வரைக்கும் போகும். பால்கோவா பற்றி நான் இனிமேல் சொல்ல வேண்டியதில்லை. அதை மனுஷங்க சாப்பிடட்டும். புவிசார் குறியீடு வாங்கின பண்டம், நமக்கே பத்தல!

சோறு போட்டால் மட்டும் போதாது. மூணு மாசத்தில் வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம். தப்பித் தவறி யாரையாவது கடிச்சா, சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில் கால் மணி நேரம் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. சுண்ணாம்பு, மஞ்சள்னு வச்சுக் கட்டாதீங்க.

குட்டிகள் கதையை முடிச்சிடறேன். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, வளர்த்து விற்கிறவங்க பதிவு செய்யணும்னு 2017-ல் வந்த விதி இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க. எட்டு வாரம் வச்சிருந்துதான் மூணு குட்டியைக் கொடுத்தேன். கடன் முழுசா அடைஞ்சது, வட்டியோட. அதுக்கப்புறம் ராணியைக் குட்டி போட விடல, ஆபரேஷன் பண்ணிட்டோம். நாலாவது குட்டியை யாரும் வாங்கல. அதுக்குக் காது கேட்காது. இந்த வெள்ளை இனத்தில் சில குட்டி அப்படிப் பிறக்கும். எங்க வீட்லயே இருக்கு. கூப்பிட்டால் வராது. சோத்துத் தட்டை எடுத்துக்கிட்டுத் தரையில் ரெண்டு தடவை மிதிப்பேன். அந்த அதிர்வு தெரிஞ்சு, எங்க இருந்தாலும் ஓடி வந்திரும்.

ஒன்னே ஒன்னு சொல்லி உட்கார்றேன். போன லீவுக்கு என் மக வந்திருந்தா. நான் ராணிக்கு முட்டை உரிச்சுக்கிட்டு இருந்தேன். "அம்மா, ராணி சாப்பாடு தனியா எடுத்து வைக்கிற, அளந்து வைக்கிற. நீ என்ன சாப்பிட்ட?"ன்னு கேட்டா. சட்டியில் ஒட்டியிருந்ததை வழிச்சுச் சாப்பிட்டிருந்தேன். அவ என்னைக் கூட்டிட்டுப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தா. ஹீமோகுளோபின் எட்டு. நாய்க்கு மிச்சத்தைப் போடாதீங்கன்னு இவ்வளவு நேரம் உங்களுக்குச் சொல்றேனே, எனக்கு நானே மிச்சத்தைத்தான் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

இப்போ எங்க வீட்டு அடுப்பில் முட்டை ஒன்னு கூடுதலா வேகுது. அது ராணிக்கு இல்ல, எனக்கு. உங்க வீட்லயும் வேகட்டும்.