சிக்கனமும் முன்கூட்டிய பணியோய்வும்

(திருவிழாவையொட்டிக் கோவில் மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மனித வாழ்வை இந்து சமயம் நான்கு நிலைகளாக வகுத்துள்ளது. கல்வி பயிலும் பிரமசரியம், குடும்பம் பேணும் இல்லறம், பொறுப்புகளை இளையோரிடம் ஒப்படைத்து ஒதுங்கும் வானப்பிரத்தம், துறவு என்பன அவை. இவற்றுள் மூன்றாம் நிலை இன்று பலர் வாழ்வில் இல்லாமலே போகிறது. வேலைத்தளத்திலிருந்து நேரே நோய்ப்படுக்கைக்குச் செல்வோர் உளர். ஆகவே, உடலில் வலு இருக்கும்போதே பணியினின்று விடுபட வேண்டும் என இளைஞர் சிலர் விரும்புவதைச் சோம்பல் என்று தள்ளிவிடலாகாது. அவ்விருப்பம் எவ்வழியில் நிறைவேறும் என்பதே எண்ணிப் பார்க்கத்தக்கது.

அவ்வழி வருவாயில் தொடங்குவதன்று, செலவில் தொடங்குவது. மாதந்தோறும் 3,000 ரிங்கிட் கையில் பெறும் ஒருவர் 2,700 ரிங்கிட்டைச் செலவிட்டால், மிஞ்சுவது 300 ரிங்கிட். ஒரு மாத ஓய்வுக்குரிய செலவைச் சேர்க்க அவர் ஒன்பது மாதம் உழைக்க வேண்டும். 2,000 ரிங்கிட்டில் வாழ்பவருக்கு இரண்டு மாத உழைப்புப் போதும். 1,500 ரிங்கிட்டில் வாழ்பவரோ ஒரு மாதம் உழைத்து ஒரு மாதத்தை ஈட்டுகிறார். வட்டியும் விலையேற்றமும் சேராத எளிய கணக்கு இது. செலவு குறையும்போது சேமிப்பு உயர்கிறது; ஓய்வுக்காலத்திற்கு வேண்டிய தொகையும் குறைகிறது. ஊதிய உயர்வு வந்த மாதமே புதிய காரும் வாசலுக்கு வந்துவிட்டால், இவ்விரு பயன்களும் இல்லை. வரவு சிறிதாயினும் செலவு அதனை மிஞ்சாத வரை கேடில்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்திருப்பது எண்ணி மகிழத்தக்கது. சிக்கனம் வறியவரின் குறையன்று. அது ஒருவகை வலிமை.

அவ்வலிமையை மலேசியத் தோட்டப்புற மக்கள் முன்பே காட்டியுள்ளனர். வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், வேலையோடு வீடும் பள்ளியும் கோவிலும் பறிபோகும் நிலை தோன்றியது. அப்போது, 1960ஆம் ஆண்டில், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் 10 வெள்ளி வீதம் கட்டி 100 வெள்ளிப் பங்கினைத் தொழிலாளர்கள் பெற்றனர். கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதற்கொள்முதலாயிற்று. பால்மரம் வெட்டியோரின் சிறுசேமிப்புத் தோட்டத்தையே வாங்கியது.

இன்று ஊதியம் பெறுவோருக்கு 1951ஆம் ஆண்டில் அமைந்த ஊழியர் சேமநிதி துணை நிற்கிறது. எனினும் 2020 முதல் 2022 வரையிலான பெருந்தொற்றுக் காலத்தில், சிறப்பு அனுமதிகளின்கீழ் அந்நிதியிலிருந்து 145 பில்லியன் ரிங்கிட் எடுக்கப்பட்டது. பசித்த குடும்பங்கள் எடுத்ததில் குற்றமில்லை. ஆனால் முதுமைக்குரிய பணம் குறைந்தது உண்மை. 2024 மே மாதம் முதல், 55 வயதுக்குட்பட்டோரின் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கிற்கும், 15 விழுக்காடு வீடு, கல்வி, மருத்துவம் முதலியவற்றிற்கான கணக்கிற்கும், 10 விழுக்காடு எந்நேரமும் எடுக்கத்தக்க கணக்கிற்கும் செல்கின்றன. ஓய்வுக்காலக் கணக்கு 55 வயதில்தான் கைக்கு வரும். எனவே 45 வயதில் ஓய்வுபெற எண்ணுபவர், இடைப்பட்ட பத்தாண்டுகளுக்கும் சேமநிதிக்கு வெளியே தனியாகச் சேமித்தாக வேண்டும். இதனை மறந்து வேலையை விடுவது விவேகமன்று.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. பிள்ளையின் கல்வியையும் பெற்றோரின் மருந்தையும் காப்புறுதியையும் குறைத்துச் சேர்க்கும் பணம் பிறகு கண்ணீராகவே செலவாகும். அரிசிக்கும் வாடகைக்குமே ஊதியம் போதாத குடும்பத்திடம் சேமிக்கச் சொல்வதும் அறமாகாது. அதற்குத் தேவை கைத்தொழிலும் உயர்வருவாயும். ஆயினும் பிறந்தநாள் விருந்திற்கும் திருமண மண்டபத்திற்கும், ஏன், காவடி அலங்காரத்திற்கும்கூடக் கடன்பற்று அட்டையையும் வட்டி முதலைகளையும் நாடுவோர் உளர். கடன்பட்டுச் செய்யும் காணிக்கையை முருகப்பெருமான் கேட்டதில்லை. ஒரு குடம் பாலும் உள்ளன்பும் போதும்.

இறுதியாக, ஈட்டிய ஓய்வு எதற்கு? வேலையை விட்டவர் நாள் முழுதும் தொலைக்காட்சிமுன் அமர்ந்தால், சேமித்த பொழுது வீணே கழியும். ஆகையால் பணத்தோடு பழக்கத்தையும் இப்போதே சேர்த்தல் வேண்டும். நாளும் அரைமணி நடை, வாரம் ஒரு நூல், தேவார வகுப்பு, கோவிலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருதல் ஆகியவற்றை உழைக்கும் காலத்திலேயே தொடங்கியவருக்கு ஓய்வு வெறுமையாக இராது.

கோவில்களில் காணும் அப்பர் பெருமானின் திருவுருவை அன்பர்கள் அறிவர். முதுமையிலும் அவர் தோளில் சார்ந்திருப்பது உழவாரப் படை. பற்றினின்று ஓய்ந்தவர், தொண்டினின்று ஓயவில்லை. அத்தகைய ஓய்வே விரும்பத்தக்கது; அதற்கு வழிசெய்யும் சிக்கனமே போற்றத்தக்கது.

எல்லா இல்லங்களிலும் அளவறிந்த வாழ்வும் அமைதியும் நிலைபெறத் திருவருள் துணைபுரிவதாக!