முழங்கால் மூட்டுத் தேய்வும் குருத்தணு மருத்துவமும்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் தொழிலுடைய யாம் மருத்துவம் பற்றிப் பேச முன்வந்தது ஏனென்று உங்களிற் சிலர் வினவக்கூடும். காரணம் இதுவே. நம் சங்கத்து மருத்துவ உதவி நிதிக்கு இவ்வாண்டு வந்த விண்ணப்பங்களுள் மூன்று, முழங்கால் மூட்டுத் தேய்விற்குக் குருத்தணு ஊசி போட்டுக்கொள்ளப் பொருள் வேண்டி வந்தவை. அவற்றுள் ஒன்று, கணவனையிழந்த ஓர் அம்மையார் தம் பங்கு வீட்டை அடகு வைத்து முன்பணமும் கட்டிய பின்னர் எழுதியது. மருத்துவமனையார் அச்சிட்டு வழங்கிய துண்டறிக்கையொன்றும் அதனோடு இணைந்திருந்தது. அதனைப் படித்துப் பொருள் கூறுமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். அவ்வறிக்கையின் தமிழ் நன்றாகவே இருந்தது, பொருளே ஆராயத்தக்கதாயிருந்தது.

நம்மவர்க்கு முழங்கால் நோய் புதிதன்று. தறிக்குழியிற் காலிட்டு நாள் முழுதும் மிதித்தவர் நம் பாட்டன்மார். தரையிற் குந்தி நூல் சுற்றியவர் நம் பாட்டிமார். இற்றை நாளில் விசைத்தறியின் முன் நின்றுகொண்டே பொழுதைக் கழிப்போர் பலர். முதுமையும், உடற்பருமனும், முன்பு பட்ட அடியும், குடும்பவழியும் இந்நோய்க்குக் காரணங்களாம். ஆடவரினும் மகளிரை இது மிகுதியாகப் பற்றுகின்றது.

மூட்டில் எலும்புகளின் முனையைப் போர்த்து வழுவழுப்பாய் அமைந்திருப்பது குருத்தெலும்பு. அதனை ஒரு நெசவு என்றே கூறலாம். கொல்லாஜன் என்னும் நாரிழைகள் பின்னிக் கிடக்க, அவற்றின் இடையே நீரைப் பிடித்து நிறுத்தும் பசைப்பொருள் நிறைந்திருக்கின்றது. சிற்சில உயிரணுக்கள் ஆங்காங்கே உறைகின்றன. இந்நெசவில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. இரத்தம் செல்லாமையின் அதற்கு வேண்டிய உணவு மூட்டுநீரிலிருந்து ஊறியே வருதல் வேண்டும். ஆதலால் தோலிற் பட்ட புண் ஆறுவதுபோல் ஈண்டுப் பட்ட புண் ஆறுவதில்லை. கெட்ட குருத்தெலும்பு மீள்வதில்லை என்பதனை இலண்டன் மாநகரத்து வில்லியம் ஹண்டர் என்னும் மருத்துவர் 1743-லேயே எழுதிவைத்தார். நரம்பின்மையால் தேய்வின் தொடக்கத்தில் வலியும் தோன்றாது. அடியிலுள்ள எலும்பும், மூட்டின் உட்சவ்வும் தாக்குண்ட பின்னரே நோவு வெளிப்படும். நோயாளி மருத்துவரை நாடும்போது நெசவு பெரிதும் கிழிந்திருப்பது இதனாலேயே.

இனிக் குருத்தணு யாதெனப் பார்ப்போம். இங்கே சொல்லாராய்ச்சி சிறிது செய்தல் எம் தொழிலுக்கு அடாததன்று. குருத்தெலும்பு என்புழிக் குருத்து என்பது மென்மை குறித்து வந்தது. குருத்தணு என்புழி, முளைத்துப் பிற உறுப்பாய் விரியவல்லது என்னும் பொருளில் வந்தது. இரண்டிலும் குருத்து நிற்றலின், குருத்தணுவை இட்டாற் குருத்தெலும்பு முளைக்கும் என்று மயங்குவார் பலர். துண்டறிக்கை எழுதியவரும் இம்மயக்கத்தை நீக்க முயன்றதாகத் தோன்றவில்லை!

எலும்பு மஜ்ஜையில் இத்தகைய அணுக்கள் உள்ளமையை மாஸ்கோ நகரத்து அலெக்ஸாண்டர் ஃபிரீடன்ஸ்டைன் 1960-களிலும் 1970-களிலும் ஆராய்ந்து காட்டினர். அமெரிக்கரான ஆர்னால்டு கேப்ளன் 1991-ல் அவற்றிற்கு மெசென்கைமல் ஸ்டெம் செல் என்று பெயரிட்டனர். சோதனைக் கலத்தில் அவை எலும்பாகவும், கொழுப்பாகவும், குருத்தெலும்பாகவும் மாறின. அதுவே உலகோர் பெருநம்பிக்கை கொள்ளக் காரணமாயிற்று. ஆயின் மூட்டினுள் ஊசிவழிச் செலுத்தப்பட்டவை அங்கே குடியேறிப் புதுக் குருத்தெலும்பு நெய்வதைவிட, சின்னாள் தங்கி, அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரந்து மறைவனவாகவே காணப்பட்டன. பெயரிட்ட கேப்ளனே 2017-ல், ஸ்டெம் செல் என்னும் பெயர் மக்களை மயக்குகின்றது, மாற்றுக என்று எழுதினர். தாம் இட்ட பெயரைத் தாமே விலக்கும் நேர்மை அறிஞரிடத்தும் அரிது.

பயன் யாது என்பதற்கு ஆராய்ச்சிகளே சான்றாதல் வேண்டும். அமெரிக்காவில் ஏறத்தாழ 480 நோயாளிகளை நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குத் தம் எலும்பு மஜ்ஜையினின்று எடுத்ததும், ஒரு பிரிவினர்க்குத் தம் கொழுப்பினின்று எடுத்ததும், ஒரு பிரிவினர்க்குப் பிறர் தொப்புட்கொடியினின்று பெற்ற அணுக்களும், எஞ்சியோர்க்கு விலை மலிந்த ஸ்டீராய்டு ஊசியும் இட்டனர். ஓராண்டு கழித்து நோக்கியபோது, மூவகை அணுக்களுள் ஒன்றும் ஸ்டீராய்டினை வெல்லவில்லை. இம்முடிவு 2023-ல் வெளிவந்தது. காக்ரேன் என்னும் அறிஞர் குழுவினர் 25 ஆராய்ச்சிகளைத் தொகுத்து, 1341 பேர் பெற்ற பயனை ஆய்ந்து 2025-ல் வெளியிட்ட முடிவில், வலியும் இயக்கமும் சிறிதளவே சீர்ப்படக்கூடும் என்றும், அதற்கும் சான்று வலிமையற்றதென்றும் கூறினர்.

இவ்வளவில் நிறுத்திவிடின் யாம் ஒருதலைப் பட்சமாகப் பேசினவராவோம். நம் நாட்டில், பெங்களூரில் ஆக்கப்பட்ட ஸ்டெம்பியூசெல் என்னும் மருந்தினை முழங்கால் மூட்டுத் தேய்விற்கு வழங்கலாம் என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2022-ல் இசைவு தந்தனர். கொடையாளர்தம் எலும்பு மஜ்ஜையினின்று வளர்த்த அணுக்கள் அதில் உள்ளன. 146 நோயாளிகளிடம் செய்த சோதனையில், வெற்றூசி பெற்றவரினும் இம்மருந்து பெற்றவர்க்கு ஓராண்டின் பின்னும் வலி குறைந்திருந்தது. குருத்தெலும்பின் தன்மை கெடாது நின்றதாகவும் படங்கள் காட்டின. கெடாது நிற்றல் வேறு, புதிதாய் வளர்தல் வேறு. இன்னும் ஒன்று: நோயின் படிகள் நான்கனுள் இரண்டாம், மூன்றாம் படியிலுள்ளார்க்கே அம்மருந்து உரியது. எலும்போடு எலும்பு உராயும் நான்காம் படியினர்க்கு அன்று.

இசைவு பெற்ற ஒரு மருந்து வேறு. மருத்துவமனை ஒன்று நோயாளியின் கொழுப்பை உறிஞ்சியெடுத்து அன்றே முழங்காலில் ஏற்றுதல் வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறையில், இரத்த நோய்கள் முதலியவற்றிற்குச் செய்யும் மஜ்ஜை மாற்று ஒன்றனையே நிலைபெற்ற குருத்தணு மருத்துவமாக ஏற்று, முறைப்படி இசைவு பெற்ற ஆராய்ச்சிக்குப் புறம்பாகப் பிற செய்தல் அறமன்று எனக் கூறியுள்ளது. நம் கையிலுள்ள துண்டறிக்கையில் மருந்தின் பெயரும் இல்லை. இசைவின் குறிப்பும் இல்லை. 'நூற்றுக்கு நூறு இயற்கை' என்னும் தொடர் மட்டும் ஐந்திடத்தில் உள்ளது.

அங்ஙனமாயின் நோயாளி செய்வது யாது? துடையின் முற்புறத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், உடல் எடையைக் குறைத்தலுமே முதன் மருந்து. எடையில் ஒரு கிலோ குறையின், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை நான்கு கிலோ குறைவதாக 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி அளந்து காட்டியது. காசு செலவில்லாமையாலேயே இதனை நம்மவர் மதிப்பதில்லை போலும். முற்றிலும் தேய்ந்தார்க்கு மூட்டு மாற்று அறுவை உண்டு. செயற்கை மூட்டின் விலைக்கு நடுவணரசு 2017-ல் வரம்பு விதித்தது. மிகுதியாக வழங்கும் கோபால்ட்டு குரோமிய மூட்டிற்கு அப்போது வரியின்றி 54,720 ரூபாய் என உறுதி செய்தனர். நம் மாநிலத்து அரசு மருத்துவமனைகளிலும் இவ்வறுவை நடைபெறுகின்றது.

அவ்வம்மையாரின் நிழற்படத்தை எலும்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். நான்காம் படி என்றனர். ஆகவே குருத்தணு ஊசிக்கு நம் நிதியினின்று பொருள் தருதல் தகாதென்றும், அவர் அறுவைக்கு இசைவாராயின் அதன்பின் வேண்டும் உடற்பயிற்சி மருத்துவர்க்கும், மூன்று திங்கள் வீட்டுச் செலவிற்கும் உதவலாமென்றும் செயற்குழுவினர்க்கு எழுதியுள்ளோம். ஏனை இருவரும் இரண்டாம் படியினர். அவர்கள் ஆறு திங்கள் பயிற்சி செய்து பார்க்க இசைந்துள்ளனர். சங்க மண்டபத்தின் கீழ்த்தளத்தை ஞாயிறு காலையில் இதற்கென ஒதுக்கித் தரவேண்டுமென்று தலைவரவர்களை இவ்வவையிலேயே வேண்டிக்கொள்ளுகின்றோம். பாய்களை யாரேனும் உதவுக. அம்மையார் கட்டிய முன்பணத்தைத் திருப்பித் தருமாறு மருத்துவமனைக்குச் செயலாளர் எழுதிய மடலுக்கு இன்னும் விடை வரவில்லை. வருகின்ற புதன்கிழமை செயலாளரும், வழக்கறிஞராகிய நம் இளைஞர் ஒருவரும், யாமும் நேரிற் செல்லவிருக்கின்றோம்.