முத்தெடுத்தவர்க்கு மூன்றில் ஒரு பங்கு

(தூத்துக்குடியில் ஆற்றிய உரை)



கொற்கை முத்து கடல்கடந்து உரோமைவரை சென்றதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். ஆனால் காலடியிற் கல்லோடு மூச்சடக்கி மூழ்கி அம் முத்தை எடுத்தவனுக்குக் கிடைத்தது என்ன என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

ஆங்கிலேயர் ஆட்சியில் மன்னார்க் குடாவில் முத்துக்குளிப்பு நடந்தபோது, தோணி கரை சேர்ந்ததும் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பர். இரண்டு குவியல் அரசுக்கு, ஒன்று குளித்தவர்க்கு. அது போதிய பங்கு அன்று. ஆயினும், “கடல் பொது, ஆகவே குளித்த உனக்கு ஒன்றும் இல்லை” என்று சொல்ல அயலவனும் துணியவில்லை.

தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. இன்றோ வேறொரு குளிப்பு நடைபெறுகின்றது. செயற்கை நுண்ணறிவுக் குழுமங்கள் இணையக் கடலில் இறங்கி, உலக மொழிகளின் எழுத்தையெல்லாம் அள்ளுகின்றன. அள்ளியவற்றைக் கொண்டு, எச் சொல்லின்பின் எச் சொல் வரும் என்பதைக் கணிப்பொறிக்குப் பயிற்றுகின்றன. பயின்ற பொறி, கேட்டவர்க்கு விடை சொல்கின்றது. அவ் விடைக்கு வேராயிருந்தவன் பெயர் பலகால் தோன்றுவதில்லை. அவனுக்குக் காசும் வருவதில்லை.

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்னும் காற்றுகளின் பெயரையும் குறியையும் கடற்கரைதோறும் நடந்து, முதிய மீனவரைக் கேட்டு, ஒருவர் இணையத்தில் எழுதி வைக்கின்றார் என்று கொள்க. இனி அதனைத் தேடுவோர் அவர் பக்கத்திற்கு வாரார்; பொறியையே கேட்பர். பக்கத்தைப் படிப்பார் இல்லையேல் விளம்பர வருவாயும் இல்லை. வருவாய் அற்றபின் அடுத்த ஊருக்கு நடக்க அவருக்கு வழி ஏது? அவர் நடக்கவில்லையேல் நாளைப் பொறி எதனைப் பயிலும்?

இவ் வழக்கு மன்றம் ஏறிவிட்டது. ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் ஓப்பன்ஏஐ குழுமத்தின்மேல் தில்லி உயர் வழக்குமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நடுவண் அரசு அமைத்த குழு 2025 திசம்பரில் ஒரு முன்மொழிவை வெளியிட்டது. பொறியைப் பயிற்ற எவர் படைப்பையும் எடுக்கலாம், படைப்பாளன் மறுத்தற்கில்லை, ஆனால் குழுமங்கள் தம் வருவாயில் ஒரு பங்கு தருதல் வேண்டும், அதனை ஒரு பொது அமைப்பு திரட்டிப் பகிர்ந்தளிக்கும். இதுவே அம் முன்மொழிவின் சாரம்.

பங்கு என்றவுடன் மகிழ்ந்துவிடல் ஆகாது. 2025-இல் அமெரிக்காவில் ஆந்திரோபிக் குழுமம், நூல்களின் கள்ளப்படிகளை இணையத்திலிருந்து எடுத்துச் சேர்த்த வழக்கில், 150 கோடி தாலர் தர இசைந்தது. நூலொன்றுக்கு ஏறத்தாழ 3,000 தாலர். யாருக்கு? அந் நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்தில் பதியப்பட்ட நூல்களுக்கு மட்டுமே. பதியாதவன் நூலும் எடுக்கப்பட்டிருக்கலாம். பங்கு மட்டும் அவனுக்கு இல்லை! நம் எழுத்தாளருள் பதிந்தவர் எத்துணைப் பேர்? நாளை தில்லியில் பணம் குவிந்தாலும், பெயர்ப்பட்டியலில் இல்லாத தமிழன் வெறுங்கையோடுதான் திரும்புவான்.

“பங்கு கேட்டால் பொறி தமிழையே கல்லாது போய்விடுமே” என அஞ்சுவார் உளர். பொறி தமிழைக் கற்கத்தான் வேண்டும். கல்லாத பொறியால் தமிழ்ப் பிள்ளைகளே பின்தங்குவர். ஆயினும் பொதுவாக்குதல் வேறு, பறித்தல் வேறு. இம் மாவட்டத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதியின் எழுத்தை 1949-இல் அரசு தன்னுடைமை ஆக்கிப் பின் மக்கள் அனைவர்க்கும் வழங்கியது. அதன் பின்னர், நாட்டுடைமையாகும் நூல்களுக்கு ஆசிரியர் குடும்பத்தார்க்குப் பரிவுத்தொகை தருவது தமிழக அரசின் வழக்கம் ஆயிற்று. நூலும் ஊர்ப்பொது ஆயிற்று. எழுதியவன் வீட்டு அடுப்பும் எரிந்தது. இவ் வழி நம்மிடமே உள்ளது.

ஆகவே வேண்டுவன மூன்று. எவ்வெவ் எழுத்தை எடுத்தனர் எனக் குழுமங்கள் பட்டியல் தருக. எளிய எழுத்தாளனும் செலவின்றித் தமிழிலேயே தன் படைப்பைப் பதிய வழி செய்க. மதுரைத் திட்டத்திலும் தமிழ் விக்கிப்பீடியாவிலும் உழைப்போர்போல் காசு வேண்டாது கொடுப்போர்க்கு, பெயராவது சொல்லுக. அவர்க்குப் பெயரே கூலி.

எழுதுவோரே! இன்றே உங்கள் நூற்பெயரையும் நாளையும் குறித்து வையுங்கள், ஒருங்கு திரளுங்கள். கரையில் குவியல் பிரிக்கும்போது அங்கே நில்லாதவனுக்கு எக் காலத்தும் பங்கு கிடைத்ததில்லை.