எல்லை தாண்டினால் லாபமா? பெட்ரோல் சிக்கனம் பற்றி ஒரு கணக்கு

(பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதி அங்கத்தினர்களின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தினசரி கார் ஓட்டுவதில் பெட்ரோல் செலவைக் குறைப்பது எப்படி என்று பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். பேச்சு நமது பத்திரிகையிலும் வரும் என்றார். ஆகவே வெளியூர் அங்கத்தினர்களுக்காக நம் ஊர் நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு தாலூகா தமிழ்நாட்டுக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரை தாலூகா கேரளத்தில் நின்றது. பாறசாலையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் போனால் களியக்காவிளை, தமிழ்நாடு. பெட்ரோல் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வராத பொருள். ஒவ்வொரு மாநிலமும் தன் வரியைத் தானே விதிக்கிறது. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. கேரளம் 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டது. அதனால்தான் நம்மவர்கள் பலர் டேங்க் நிரப்ப எல்லை தாண்டுகிறார்கள்.

லாபமா என்று பார்ப்போம். வித்தியாசம் லிட்டருக்கு 5 ரூபாய், பெட்ரோல் லிட்டர் 105 ரூபாய், கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை 30 லிட்டர் போட்டால் மிச்சம் 150 ரூபாய். நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளைக்குப் போய்வர சுமார் 25 கிலோமீட்டர். அதற்கு எரியும் பெட்ரோல் 1.67 லிட்டர், அதாவது 175 ரூபாய். கைநஷ்டம் 25 ரூபாய்! பாறசாலைக்காரர்களுக்குப் போக வர எட்டு கிலோமீட்டர். 56 ரூபாய் போக 94 ரூபாய் மிஞ்சும். நாகர்கோவிலுக்கோ சுசீந்திரத்துக்கோ போகிற வழியில் போட்டுக்கொண்டால் முழு லாபம். அதற்கென்றே போவதில் பெரிய பிரயோஜனம் இல்லை. கேனில் வாங்கி டிக்கியில் வைத்துக் கொண்டுவருவது உயிருக்கே ஆபத்து; அதைச் செய்யவே வேண்டாம்.

அப்படியானால் மிச்சம் எங்கே இருக்கிறது? நம் வலது காலில் இருக்கிறது. இதற்குப் பள்ளிக்கூடத்துப் பௌதிகமே போதும்.

ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 54 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 15 மீட்டர், வேகத்தில் போகிறது. அதன் இயக்க ஆற்றல் சுமார் 1,12,500 ஜூல். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று கொண்டால், அந்த வேகத்தை எட்ட ஏறக்குறைய 17 மில்லி பெட்ரோல் செலவாகிறது. பிரேக்கை அழுத்தி நிறுத்தினால் அவ்வளவும் பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போய்விடும். 17 மில்லி என்பது சுமார் 1 ரூபாய் 80 பைசா. உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று பழைய சாலையில் போகும்போது இப்படி இருபது தடவை பாய்ந்து பாய்ந்து நின்றால் 36 ரூபாய் போயிற்று.

செய்ய வேண்டியது இதுதான். முன்னால் போகும் பஸ்ஸை மட்டும் பார்க்காமல் அதற்கும் அப்பால் பாருங்கள். சிக்னல் சிவப்பாக இருந்தாலோ, பஸ் நிற்கப்போகிறது என்று தெரிந்தாலோ, அப்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். வண்டி தானாக வேகம் குறையும். பிரேக்குக்கு வேலை குறையும். பொறுமையில்லாமல் ஓட்டினால் நகர நெரிசலில் மைலேஜ் 10 முதல் 40 சதவீதம் வரை குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது. இடைவெளி விட்டு ஓட்டுவது நம் வயதுக்கு ரக்ஷையும்கூட.

இனி புதிய பைபாஸ். முக்கோலையிலிருந்து காரோடு வரை கான்கிரீட் சாலை. நிற்க வேண்டிய இடங்கள் குறைவு. அங்கே சத்ரு காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 60-லிருந்து 90-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான், காற்றின் எதிர்ப்போ இரண்டேகால் மடங்கு. கிடைக்கும் லாபம் என்ன? சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தை 60-ல் 16 நிமிஷத்தில் கடக்கலாம். 90-ல் பதினோரு நிமிஷம். ஐந்து நிமிஷத்துக்காக இவ்வளவு பெட்ரோலா? 45 முதல் 55 வரையே சிக்கனமான வேகம் என்பது 1978-ல் தொடங்கிய பி.சி.ஆர்.ஏ. என்னும் பெட்ரோலியம் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கத்தின் யோசனை. பெரிய சாலையில் மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், இடது ஓரமாக, 60, 65-ல் போனாலே நல்ல பலன் தெரியும்.

சில சில்லறை விஷயங்கள்:

1. டயரில் காற்று மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். நம் கார்கள் பெரும்பாலும் ஷெட்டில் நிற்பவை. ஓடாமலே காற்று இறங்கும். சரியான அளவு டிரைவர் பக்கக் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். டயர் சூடாகும் முன் பார்ப்பது உசிதம்.

2. டிக்கியில் தேங்காய் மூட்டையும் பழைய சாமான்களும் நிரந்தரவாசம் செய்ய வேண்டாம். சுமார் 45 கிலோ கூடினால் மைலேஜ் ஒரு சதவீதம் குறையும்.

3. பத்து விநாடிக்கு மேல் நிற்க நேர்ந்தால் எஞ்சினை அணைக்கலாம். முக்கியமாக ரயில்வே கேட்டில்.

4. வெயிலில் நின்ற காரின் கதவுகளை இரண்டு நிமிஷம் திறந்து வைத்து, சூடு வெளியேறிய பிறகு ஏ.சி. போடுங்கள். ஊருக்குள் மெதுவாகப் போகையில் ஜன்னலைத் திறந்துகொள்ளலாம்; வேகமாகப் போகையில் மூடிவிடுங்கள்.

5. குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலை ஜாஸ்தி குடிக்கும். பால், காய்கறி, மருந்துக்கடை, பாங்க் என்று நாலு தடவை காரை எடுக்காமல் ஒரே நடையில் முடியுங்கள். பக்கத்துக் கோவிலுக்கு நடந்தே போகலாம். பிரதக்ஷிணத்துக்கு முன்பே உடற்பயிற்சி ஆயிற்று.

பழைய நம்பிக்கைகள் இரண்டைச் சொல்ல வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பாடம். இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில், கியரில் இருந்தபடியே காலை எடுத்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். எஞ்சின் பிரேக்கிங்கும் இல்லை. ஆக, நஷ்டமும் ஆபத்தும் சேர்ந்து வரும். இரண்டாவது, காலைக் குளிரில் போட்டால் பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும் என்பது. பங்க்கின் டேங்க் பூமிக்கடியில் இருக்கிறது. அங்கே காலைக்கும் மத்தியானத்துக்கும் வெப்பம் அதிகம் மாறாது.

"எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் இப்போது மைலேஜ் குறைந்துவிட்டதே" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். 2025-ல் நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று 2021-ம் வருஷத்து நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கலவைதான். காலால் மிச்சம் பிடிப்பது முன்னைவிட அவசியமாகிவிட்டது.

இதையெல்லாம் நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். டேங்கை நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வையுங்கள். அடுத்த முறை மீண்டும் நிரப்பும்போது, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்து ஒரு டயரியில் எழுதுங்கள். மூன்று தடவை பழைய மாதிரி ஓட்டுங்கள். மூன்று தடவை நான் சொன்ன மாதிரி ஓட்டுங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும்.

மாதம் 600 கிலோமீட்டர் ஓடும் காரில் 15 என்பது 17 ஆனால், 40 லிட்டர் 35.3 ஆகும். மிச்சம் மாதம் ஏறக்குறைய 490 ரூபாய், எல்லையைத் தாண்டாமலே.

நம் வீடுகளில் பலவற்றில் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். இங்கே காரை ஓட்டுவது எழுபதைத் தாண்டிய நாம்தான், பென்ஷனில். பெட்ரோல் விலையை நினைத்து "செக்-அப்புக்கு அடுத்த மாசம் போனால் போதும்" என்று மாமியிடம் சொல்லும் மாமாக்கள் இங்கேயும் இருப்பீர்கள். மிச்சமாகும் 4.7 லிட்டரில் 80 கிலோமீட்டர் ஓடலாம். நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குப் போய்வந்த பிறகும் டேங்கில் மீதி இருக்கும். ஆகவே செக்-அப்பைத் தள்ளிப்போடாதீர்கள். மாமியையும் அழைத்துக்கொண்டு நிதானமாக ஓட்டிப் போய்வாருங்கள்.