மேகக் கணிமையும் நம் இளைஞரும்

 

கால் நூற்றாண்டாகக் கல்விப் பணி ஆற்றிவரும் இச்சங்கத்தின் வெள்ளிவிழாவில், ‘மேகக் கணிமை’ குறித்துச் சில சொல்ல விழைகிறோம். மேகம் என்றதும் அண்ணாந்து பார்க்க வேண்டா. பல்லாயிரம் கணிப்பொறிகள் அடுக்கப்பட்ட பெருங்கட்டடங்களையே அப்பெயரால் குறிக்கின்றனர். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் இந்தியாவில் அத்தகைய மையங்களைத் திறந்தபோது, சென்னையும் அவற்றுள் இடம் பெற்றது.

முன்னாளில் ஒரு நிறுவனம் தன் வணிகக் கணக்குகளை ஆராய வேண்டுமாயின், கணிப்பொறிகளை விலை கொடுத்து வாங்கியாக வேண்டும். அமேசான் நிறுவனம் 2006-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தரவுகளைச் சேமிக்கும் இடத்தையும், ஆகஸ்டுத் திங்களில் கணிப்பொறியின் ஆற்றலையும் வாடகைக்கு விடத் தொடங்கிற்று. தொடக்கத்தில் மணிக்கு 10 சென்ட்தான் வாடகை. பின்னர் வந்த கூகுளின் பிக்குவரி, ஸ்னோஃபிளேக் முதலிய தளங்கள் சேமிப்பையும் கணிப்பையும் தனித்தனியே பிரித்தன. நெல் கிடங்கில் எத்துணை நாளும் இருக்கலாம். அரைத்த நெல்லுக்கு மட்டுமே ஆலைக்குக் கூலி. அதுபோன்ற ஏற்பாடே இது.

இத்தளங்களில் குவியும் தரவுகளைக் கொண்டே செயற்கை நுண்ணறிவும் பயிற்றப்படுகிறது. இங்குதான் நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். வேலைக்கு விண்ணப்பிப்போரைத் தரம் பிரிக்க அமேசான் நிறுவனம் ஒரு கருவியை உருவாக்கிப் பார்த்தது. பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொண்டு அதனைப் பயிற்றினர். அவற்றுள் பெரும்பாலானவை ஆடவருடையவை. ஆகவே ‘மகளிர்’ என்னும் பொருள்படும் சொல் காணப்பட்ட விண்ணப்பங்களை அக்கருவி பின்னுக்குத் தள்ளிற்று. பின்னர் அம்முயற்சி கைவிடப்பட்டது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் இதனை வெளிக்கொணர்ந்தது.

வெறுப்பை யாரும் அக்கருவிக்குக் கற்பிக்கவில்லை. பழைய ஏட்டில் ஒதுக்கப்பட்டவரைப் புதிய கணக்கும் ஒதுக்கிற்று. ஊருக்குப் புறத்தே நிறுத்தப்பட்ட நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. பெயரும் ஊரும் தெருவும் தரவுகளாகும் காலத்தில், “இத்தரவு எங்கிருந்து வந்தது? இதில் விடுபட்டவர் யார்?” என்று கேட்பவர், அதனை ஆக்குவோர் நடுவே இருந்தாக வேண்டும். அவர்களுள் நம் பிள்ளைகளும் இருத்தல் வேண்டும்.

அதற்கு வழி உண்டு. பள்ளியில் புள்ளியியலைக் கருத்தூன்றிக் கற்க வேண்டும். தரவிடம் வினா எழுப்பும் எஸ்.க்யூ.எல். மொழியையும், பின்னர் பைத்தான் மொழியையும் பயில வேண்டும். பிக்குவரியில் மாதந்தோறும் 1 டெராபைட் அளவுவரை கட்டணமின்றி ஆராயலாம். ஒரு படிப்பகத்தில் ஒரு கணிப்பொறியும் இணைய இணைப்பும் இருப்பின் தொடங்கிவிடலாம்.

பெரும்பொருள் இருந்தாலன்றி அணுக முடியாது என்னும் தடை இன்று தளர்ந்துள்ளது. பயிற்சியின்மை என்னும் தடை எஞ்சியுள்ளது. அடுத்த கால் நூற்றாண்டில் அதனை நீக்குவதைச் சங்கம் தன் கடனாக ஏற்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.