தராசு சொல்லாததைத் தாய் சொன்னார்

(ஆதரவாளர் கூடுகையில் உணவியல் பிரிவினர் ஆற்றிய உரை)



இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களுக்குச் செய்யப்படும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 1986-ம் ஆண்டிலேயே இப்பணியைத் தொடங்கியது. மருந்தைப் பற்றி மருத்துவர்கள் சொல்வார்கள். நாங்கள் நோயாளியின் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் கடுமையான மருந்துகளால் பழைய மஜ்ஜையை அழிக்கிறார்கள். பின்னர் புதிய செல்களை இரத்தம் ஏற்றுவதுபோல் ஏற்றுகிறார்கள். அவை வேரூன்ற இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். அந்நாட்களில் வாயும் தொண்டையும் புண்ணாகும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். உடலுக்கு அதிகச் சத்து வேண்டிய வேளையில்தான் ஒரு வாய்க் கஞ்சியும் உள்ளே இறங்காது.

சில ஆண்டுகளுக்கு முன் 12 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தினமும் காலையில் எடை பார்த்து வந்தோம். இரண்டாம் வாரத்தில் இரண்டு கிலோ கூடியிருந்தது. மகிழ்ந்தோம். அவன் தாயாரோ, "இல்லீங்கம்மா, புள்ள நாலு நாளா ஒண்ணுமே சாப்பிடல. கையப் பாருங்க, குச்சியாப் போச்சு" என்றார்.

மேற்கையை நாடாவால் அளந்தோம். சேர்ந்த அன்று எழுதி வைத்த அளவைவிட ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்திருந்தது. கூடிய எடை சதையல்ல; டிரிப்ஸில் ஏற்றியது உடலில் தங்கிய நீர். தராசை நம்பி, நாடாவை மறுபடி எடுக்காமல் இருந்துவிட்டோம். மருத்துவர்களோடு பேசி, மூக்குக் குழாய் வழியாகத் திரவ உணவு தொடங்கினோம். புதிய செல்கள் வேரூன்றின. சிறுவன் நடந்தே வீடு திரும்பினான்.

அன்று முதல் எடையோடு மேற்கைச் சுற்றளவு, தோல்மடிப்பின் தடிப்பு, கைப்பிடியின் பலம் ஆகியவற்றையும் பார்க்கிறோம். கடந்த ஆறு மாதங்களில் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் அது அபாய அறிகுறி. இரத்தத்திலுள்ள ஆல்புமின் அளவை மட்டும் நம்புவதில்லை. காய்ச்சலும் கிருமித்தொற்றும் அதைக் குறைத்துவிடும். ஒவ்வொரு வேளையும் தட்டில் மீந்ததைக் குறித்துக்கொள்கிறோம். 50 கிலோ எடையுள்ள பெரியவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1500 முதல் 1750 கலோரியும், 75 கிராம் புரதமும் தேவை. சில நாட்களாகப் பாதியும் உள்ளே போகவில்லையென்றால் குழாய் உணவு. குடல் ஏற்காவிட்டால் இரத்தக்குழாய் வழியாக.

அன்பானவர்களே, எங்களிடம் வருகிறவர்களில் பலர் வரும்போதே மெலிந்திருக்கிறார்கள். சிகிச்சைக்கு முன் காத்திருக்கும் வாரங்களில் முட்டையும் பாலும் பயறும் கிடைத்தால் அவர்கள் ஓரளவு தேறிவிடுகிறார்கள். ஆனால் வாடகைக்கும் மருந்துக்கும் செலவழித்த குடும்பம் முதலில் குறைப்பது சாப்பாட்டைத்தான். நீங்கள் அனுப்பும் காணிக்கை இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது.

யவீருவின் மகளை உயிரோடு எழுப்பிய நம் ஆண்டவர், அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி சொன்னதை நாம் அறிவோம். அந்தச் சிறு வேலையில் நீங்களும் எங்களோடு பங்குபெறுகிறீர்கள்.