'புதிய உலகம்' சிம்பொனியின் புதிய இசைத்தட்டு



மேனாட்டுச் சங்கீதம் என்றதும் வானொலிப் பெட்டியின் திருகைத் திருப்பிவிடுவோர் நம்மிற் பலர். அவர்களிடமே இன்று ஓர் இசைத்தட்டைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அந்தோனின் துவொர்சாக் இயற்றிய ஒன்பதாவது சிம்பொனி, 'புதிய உலகிலிருந்து' எனப் பெயர் பெற்றது. அதனை அத்லாந்தா சிம்பொனி வாத்தியக் குழுவினர், நதாலி ஸ்டுட்ஸ்மான் அம்மையாரின் நெறியாள்கையில் வாசித்த ஒலிப்பதிவு 2024இல் வெளியாயிற்று.

துவொர்சாக் பொகீமிய நாட்டவர். கிராமத்து இறைச்சிக் கடைக்காரரின் மகன். 1892இல் நியூயோர்க்கிலுள்ள தேசிய சங்கீதக் கல்லூரியின் தலைவராகக் கடல் கடந்து சென்றார். மக்கள் அறுவரில் நால்வரை ஊரிலேயே விட்டுச் செல்ல நேர்ந்தது. அங்கே பேர்லி என்ற கறுப்பின மாணவர், அடிமைகளாயிருந்த தம் முன்னோரின் பக்திப் பாடல்களை அவருக்குப் பாடிக் காட்டினார். 1893 மே 24இல் சிம்பொனி எழுதி முடிந்தது. பிள்ளைகள் சவுதாம்டன் துறைமுகம் வந்து சேர்ந்தனர் என்று அன்று தந்தி வந்தது. அச்செய்தியையும் இசையேட்டின் கடைசிப் பக்கத்திலேயே அவர் குறித்து வைத்தார். தகப்பனார் அல்லவா!

சிம்பொனியின் உயிர் இரண்டாம் பகுதியிலே இருக்கிறது. 'கோர் ஆங்கிலே' என்பது நமது நாகசுரம் போலச் சீவாளி வைத்து ஊதும் கருவி; குரல் மட்டும் தணிந்தது. அது தனித்து எடுக்கும் மெட்டின் தொடக்க அடிகள் மோகன இராகத்தின் சுரங்களுக்குள்ளேயே நடக்கின்றன. கமகம் இல்லை, எனினும் நம் செவிக்கு அந்நியமாய்ப் படாது. இதனைப் பழைய நாட்டுப்பாடல் என்று எண்ணுவோர் உண்டு. அது சரியன்று. மெட்டு துவொர்சாக்கினுடையது, அவருடைய மாணவர் பிஷர் அதற்குச் சொற்கள் அமைத்தது 1922இல்.

வீட்டை நினைத்து ஏங்கும் அந்த மெட்டை எங்கள் மலைப்புறத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரவிலேதான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்பே, காப்பிக் காலத்தில், தென்னிந்தியக் கிராமங்களை விட்டு வந்தவர்கள் நம் முன்னோர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரோ, அங்கிருந்து இந்த மலைகளை நினைத்து ஏங்கினார்கள். எது ஊர்?

பழைய 78 சுழல் தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடமளவே கிடைக்கும். ஆகவே இப்பகுதியை நடுவில் அறுத்து அறுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. அதன் இறுதியில் நரம்புக் கருவிகள் சிலவே அம்மெட்டை எடுத்து, தொண்டை அடைத்தவர்போல நின்று நின்று செல்லும். அங்கே மௌனமும் இசையே. ஸ்டுட்ஸ்மான் அம்மையார் தாழ்குரற் பாடகியாகப் புகழ் பெற்றவர். அதனாலோ என்னவோ, அவருடைய பதிவில் அம்மௌனங்கள் மூச்செடுப்பதுபோல் என் செவிக்குப் படுகின்றன. கடைசிப் பகுதியின் ஆரவாரத்தில் எனக்கு அத்தனை பற்றில்லை. அது துவொர்சாக்கின் குறையன்று, என் சுபாவம்.

முழுவதையும் கேட்கப் பொறுமையில்லாதவர்கள், வீடு அடங்கிய இரவில் இரண்டாம் பகுதியை மட்டுமாவது கேளுங்கள். பன்னிரண்டு நிமிடமளவே ஆகும். முடிவில் 'டபிள் பாஸ்' என்னும் பெரிய நரம்புக் கருவிகள் மட்டும் மிகத் தாழ்ந்து ஒலிக்கும். அது அடங்குமுன் எழுந்துவிடாதீர்கள்.